பீலி வளைவில் அறாத சத்தம்

காலையில் என் முதல் வேலை கார்களைத் துடைப்பது. ஹட்டனில் மழை பெய்யாத நாளிலும் கார்கள் நனைந்துதான் நிற்கும். முன் கண்ணாடியில் துணியை வைத்து இழுத்தால் உள்ளே முதலில் ஸ்டியரிங் தெரியும், பிறகு சீட், பிறகு பின் கண்ணாடி. எங்கேயோ போயிருந்த கார் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவது போல இருக்கும். ஒரு காருக்கு நான்கு நிமிடம் ஆகும். டயரியில் குறித்து வைத்திருக்கிறேன்.

டயரி எழுதச் சொன்னவர் மாலை வகுப்பு ஆசிரியர், எங்கள் சேர். செவ்வாயும் வியாழனும் நாலரை மணிக்கு, டவுனில் ஒரு கடைக்கு மேல் மாடியில், வியாபாரமும் சந்தைப்படுத்தலும் படிக்கிறோம். வேலை செய்யும் இடத்தில் பார்ப்பதை ஒவ்வொரு நாளும் எழுதுங்கள், காலநிலையையும் எழுதுங்கள் என்றார். மற்றவர்கள் ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தலாம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, அதனால் நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

நான் வேலை செய்வது பெரியதம்பி முதலாளியின் கார் விற்கும் சேலில். அவருடைய அப்பா பஜாரில் ஆணி, தகரம் விற்றவர். இவர் வாகனம் விற்கிறார். பல வருடம் பழைய வண்டிகளை மட்டும் வைத்திருந்தார். இறக்குமதித் தடை நீங்கியதும் ஜப்பானில் ஓடிய ஐந்து சின்னக் கார்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார். ஐந்தும் இசானோ என்ற கம்பனியின் கார். மூன்று வெள்ளி நிறம், ஒன்று வெள்ளை, ஒன்று மெரூன். கொழும்பிலிருந்து அதற்கு ஒரு போஸ்டரும் வந்தது. எங்கோ வெயில் அடிக்கும் தட்டையான மைதானத்தில் ஓர் இசானோ பந்தயக் கார் பறக்கிறது. கீழே 'வேகம் எங்கள் இரத்தத்தில்' என்று எழுதியிருக்கிறது. ஒட்டிய மூன்றாம் நாளே பனியில் அதன் ஒரு மூலை கழன்று மடிந்துவிட்டது. நான் பசை போட்டு ஒட்டினேன். மறுபடியும் மடிந்தது.

சேலுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் ஆறாவது இசானோ ஒன்று நிற்கிறது. நீலம். பழசு. கதவில் இருபத்தேழு என்று இலக்கம். அது விற்பனைக்கு இல்லை. எங்கள் மெக்கானிக் துஷாந்த் அண்ணா ஆறு வருடத்துக்கு முன்னால், விபத்தில் நசுங்கிக் கிடந்த ஒரு காரை முதலாளியிடம் கேட்டு வாங்கி, வேலை முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி எழுப்பியது. வருடா வருடம் ஏப்ரல் சீசனில் நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து ரோட்டில் மலையேற்றப் பந்தயம் நடக்கும். ஒவ்வொரு காராகக் கீழிருந்து மேலே போகும், யாருக்கு நேரம் குறைவோ அவருக்குக் கப். துஷாந்த் அண்ணா நீலக் காரில் நான்கு தடவை ஓடியிருக்கிறார். கார் முதலாளி பெயரில், டயரும் எண்ணெயும் முதலாளி செலவில்.

மார்ச் கடைசியில் ஒரு காலை, நான் மெரூன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முதலாளி கூப்பிட்டார்.

"தர்ஷி, இங்க வா. நீலக் கார வெலைக்குக் கொழும்புல ஒருத்தர் கேக்குறாரு. குடுத்துறலாமா?"

"என்கிட்ட கேக்குறீங்களே மொதலாளி."

"ஒன்கிட்ட கேக்காம? சாய்ந்தரம் சாய்ந்தரம் போயி இதத்தானே படிக்கிற? ரேஸ் ஓடுனா காரு விக்குமா, விக்காதா? அங்க என்னா சொல்லித் தர்றாங்க?"

சேர் சொன்னதைச் சொன்னேன். வெளிநாட்டுக் கம்பனிகள் பந்தயத்துக்கு என்று ஓடும் காரை விற்பதில்லை. ஆனால் அது ஓடுவதைப் பார்த்தவன் மனதில் அந்தப் பெயர் தங்கிவிடும். பிறகு அவன் தன் வீட்டுக்குச் சின்னக் கார் வாங்கப் போகும்போது அந்தப் பெயரைத்தான் தேடுவான். பந்தயம் முடிந்த மறுநாள் கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணும் கம்பனிகளும் உண்டாம்.

"அப்ப எண்ணு" என்றார் முதலாளி. "இந்த ஏப்ரல் ஓடட்டும். அதுக்கப்புறம் ரெண்டு கிழம பாரு. வர்ற ஆள் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளு. ரேஸப் பாத்துத்தான் வந்தோம்னு சொன்னா வச்சிக்குவோம். இல்லாட்டி கொழும்புக்காரரு லொறிய எடுத்துட்டு வரட்டும்."

பக்கத்தில் ஒரு வேனுக்கு அடியில் துஷாந்த் அண்ணா படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஸ்பேனர் திருகும் சத்தத்தோடு ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றுவிட்டன. உள்ளேயிருந்து, என்னைக் கேலியாகக் கூப்பிடும் பெயரோடு குரல் வந்தது.

"மெடம், பேனையில மை இருக்கா? இல்லாட்டி நா வாங்கித் தர்றேன்."

முதலாளி சிரித்தார். துஷாந்த் அண்ணா சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. முகம் தெரியவில்லை.

பந்தயத்தன்று நான் வட்டகொடைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டம், இரண்டில் நல்ல நேரம் எதுவோ அதுதான் செல்லும். முதல் ஓட்டம் காலை வெயிலிலேயே முடிந்திருந்தது. நான் இறங்கியபோது பனி மூடத் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இல்லை, வேலைக்குப் போக வேண்டியதில்லை. மத்தியானச் சமையல் முடிந்து லயங்களிலிருந்து எல்லாரும் அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள். ஆட்கள் தேயிலைக்குள் குடையோடு நின்றார்கள். குடைகள் மட்டும் பச்சைக்கு மேலே மிதந்தன.

நான் நின்றது பீலி வளைவுக்கு மேலே. மலைத் தண்ணீரைக் குழாய் வைத்துப் பிடித்து லயத்து ஆட்கள் குளிப்பதும் குடத்தில் எடுப்பதும் அந்தப் பீலியில்தான். வழியும் தண்ணீர் ரோட்டுக்குக் குறுக்கே போகும். அந்த ரோட்டில் மிகவும் செங்குத்தான இடமும் அதுதான்.

பக்கத்தில் ஓர் அக்கா பிளாஸ்க்கிலிருந்து பிளேன்டீ ஊற்றி, கேட்காமலே என்னிடம் நீட்டினார். பெயர் வேலாயி என்றார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"அக்கா, பாக்கலயா?"

"தொறந்தா மட்டும் என்னா தெரியுது? இதே பனிதானே. நீயும் மூடு, நல்லா கேக்கும்."

மூடினேன். முதலில் எதுவும் இல்லை. இலையில் தண்ணீர் சொட்டுவது, யாரோ வெற்றிலை மெல்லுவது. பிறகு எங்கோ காலடிக்குக் கீழே, மலைக்குள்ளேயே இருந்து வருவது போல ஒரு முரல். அது இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் பெரிதானது. பீலிக்கு வந்ததும் குரல் உச்சத்துக்கு ஏறிக் கீச்சிட்டு, அறுந்தது. அறுந்த பிறகு வந்த அமைதிதான் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது.

"நின்னுருச்சு" என்றார்கள் நாலைந்து பேர் சேர்ந்து. கீழே ஆண்கள் "தள்ளு, தள்ளு" என்று ஓடினார்கள்.

அடுத்த காரும் பீலியில் நின்றது. அடுத்தது நின்று, சறுக்கி, மறுபடி உயிர் வந்து போனது. இப்படி ஏழு கார். நான் கண்ணை மூடிக்கொண்டே விரலில் எண்ணினேன்.

எட்டாவது வேறு மாதிரி வந்தது. அவசரம் இல்லாத சத்தம். இரவில் வட்டகொடையில் படுத்துக்கொண்டு ஃபெக்டரி மெசின் ஓடுவதைக் கேட்பது போல, தாழ்ந்து, ஒரே சீராக. பீலிக்கு வந்தபோது எல்லாரும் மூச்சைப் பிடித்தோம். சத்தம் கொஞ்சம் கனத்தது. அவ்வளவுதான். அறவில்லை. கண்ணைத் திறந்தேன். பனிக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் ஊதிப் பெருகி, எங்களைக் கடந்து, இளகி மறைந்தது. கார் நீலமா என்றுகூட நான் பார்க்கவில்லை, கொட்டிலில் மாலைதோறும் கேட்ட சத்தம் அது. சத்தம் மட்டும் மேலே மேலே போய், பனியும் அதுவும் ஒன்றாகிப் போனது.

வேலாயி அக்கா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "அறவேயில்ல" என்றார். "யார் காரு அது?"

"எங்க காரு" என்றேன். சொன்ன பிறகு கூச்சமாக இருந்தது. எங்கள் கார் என்று சொல்ல நான் யார்?

"என்னா காரு?"

"இசானோ."

அவர் அந்தப் பெயரை இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் ஒலிபெருக்கியில் சொன்ன முடிவு வேறு. காலையில் காய்ந்த ரோட்டில் ஓடிய முதல் ஓட்டத்திலேயே மூன்று பேர் துஷாந்த் அண்ணாவை முந்தியிருந்தார்கள். பனியில் ஓடிய இரண்டாவது ஓட்டத்தில் யாருக்கும் நேரம் குறையவில்லை, ஆகவே அது யாருக்கும் செல்லவில்லை. துஷாந்த் அண்ணா நான்காவது. கப் மூன்று பேருக்குத்தான்.

முதலாளி வேனில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டார். "நாலாவது" என்று ஒரு தடவை மட்டும், சோற்றிடம் சொல்வது போலச் சொன்னார்.

மறுநாளிலிருந்து என் கணக்கெடுப்பு. ஒரு தாளில் ஆறு வரி போட்டிருந்தேன். இந்தக் காரை ஏன் பார்க்க வந்தீர்கள்? விலை, எண்ணெய்ச் செலவு, பார்ட்ஸ் கிடைப்பது, தோற்றம், தெரிந்தவர் சொன்னது, பந்தயம். சேரிடம் காட்டித் திருத்தி, இரண்டு தடவை சுத்தமாக எழுதி, போட்டோ கொப்பி எடுத்தேன். தாளின் அடியில் பெயரும் ஃபோன் நம்பரும்.

ஆட்கள் வந்தார்கள். முன்பைவிடக் கூடவே வந்தார்கள். வாசலில் கால் வைத்ததும் எப்போதும் கேட்பதைக் கேட்பார்கள். "ஏத்தம் ஏறுமா?" "ஏறும்ங்க, உள்ள வாங்க" என்பேன். கினிகத்தேனைப் பக்கமிருந்து வந்த சிங்கள மாஸ்டர் ஒருவர் அதையே சிங்களத்தில் "கந்த நகினவாத?" என்றார். "நகினவா மாத்தயா, வாங்க" என்றேன். இருக்கை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, பிறகுதான் தாளை எடுப்பேன். எல்லாரும் விலையில் கோடு போட்டார்கள், எண்ணெயில் போட்டார்கள். பந்தயத்தில் இரண்டே இரண்டு பேர். இருவரும் நீலக் காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, தேத்தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டார்கள்.

இரண்டு வாரத்தில் நாற்பத்தொரு பேர். பந்தயம் இரண்டு.

கடைசிச் சனிக்கிழமை காலை நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது துஷாந்த் அண்ணா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"எத்தன மெடம்?"

"ரெண்டு அண்ணே."

"நாப்பத்தொன்னுல?"

"ம்."

"அந்தப் பென்சில குடுங்க, நா பத்துக் கோடு போட்டுத் தர்றேன். கை நடுங்காம போடுவேன்." சிரித்தார். பிறகு கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அதோட கியர்பொக்ஸ் ராகலையில ஒரு லொறிக் கராஜ்ல கெடந்துச்சு. தோள்ல வச்சு பஸ்ல கொண்டாந்தேன். கண்டக்டர் அதுக்கும் சேத்து ரெண்டு டிக்கட் போட்டாரு. கொழும்புக்காரருகிட்ட சொல்லணும், ரெண்டாவது கியர் போடுறப்ப கொஞ்சம் மெதுவா போடச் சொல்லி. இல்லாட்டி கோவிச்சிக்கும்."

அவர் போன பிறகு பென்சிலை எடுத்தேன். நாலு தாளில் பந்தயத்துக்கு நேரே மெல்லிசாகக் கோடு போட்டேன். அந்தத் தாள்களின் பெயர்களைப் படித்தேன். ஒருவர் நோட்டன் பிரிட்ஜ், ஒருவர் வட்டகொடை, எங்கள் பக்கத்து லயம். அவர்கள் வாயால் சொல்லாததை அவர்கள் சொன்னதாக நான் எழுதுகிறேன். அழித்தேன். அழித்த இடத்தில் தாள் மயிர் எழும்பிப் போனது. தடவித் தடவிப் பார்த்தேன்.

அப்போது வாசலில் குரல் கேட்டது. "ஏத்தம் ஏறுமா?"

"ஏறும்ங்க, உள்ள வாங்க" என்றேன் தலை நிமிராமலே.

வந்தவர் நாகலெட்சுமி. முப்பத்தைந்து வயது இருக்கும். குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டம். கூட யாரும் இல்லை. நேராக வெள்ளி நிறக் காருக்குப் போய் அதன் மூக்கில் கையை வைத்தார், மாட்டைத் தட்டிப் பார்ப்பது போல.

"இது என் பேருக்குப் போடுங்க. திங்கக்கெழம வந்து எடுத்துக்கிறேன்."

எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. யாரும் இப்படி வாங்கியதில்லை. "ஓட்டிப் பாக்கலயா அக்கா? பின்னுக்குக் கோயில் ரோடு இருக்கு, நல்ல ஏத்தம்."

"எதுக்கு? அதான் ஏறுமே."

"சரி, இந்தத் தாள மட்டும் கொஞ்சம் நெரப்பிக் குடுங்க."

அவர் ஆறு வரியையும் விரலால் தொட்டுப் படித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"நா கேட்டது இதுல இல்லயே தங்கச்சி."

"என்னா கேட்டீங்க?"

"என்னா கேட்டேனா? வாசல்ல வச்சுக் கேட்டேனே. நீங்களும் பதில் சொன்னீங்களே." அவர் சிரித்தார். "தூக்கத்துலயா சொன்னீங்க?"

நான் தாளை வாங்கி அந்த ஆறு வரியையும் மறுபடி படித்தேன்.

"எங்க லயத்துக்கு ரோடு எப்பிடின்னு தெரியுமா? பஸ் வராது. திரீவீல் பாதியில நிப்பாட்டி எறங்கி நடக்கச் சொல்லுவான். எங்க தம்பி பொஞ்சாதிக்கு வலி வந்தப்ப நா லீவுல வந்திருந்தேன், தோட்டத்து ட்ரெக்டர்லதான் ஏத்துனோம். மழ. அது மூனாவது வளைவுல நின்னுருச்சு. தள்ளுனா பின்னுக்குப் போவுது. நாங்க தலைக்கு மேல படங்குத் துணியப் புடிச்சிக்கிட்டோம், அங்கனயே பெத்தா. புள்ள நல்லாத்தான் இருக்கு, நாலு வயசாச்சு. மழன்னா மட்டும் தூங்காது." சொல்லிவிட்டுக் காரின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "குவைத்துல இருந்தப்ப நெனச்சிக்கிட்டேன், போனா ஒரு காரு வாங்கணும், நானே ஓட்டணும், எந்த வளைவுலயும் அது நிக்கக் கூடாதுன்னு. லைசன் எடுத்து ஆறு மாசம் ஆச்சு. எந்தக் காருன்னுதான் தெரியல. பேப்பர்ல போடுறவன் எல்லாம் எங்க காருதான் வேகம்ங்கிறான். வேகமா போயி எனக்கு என்னா?"

"அப்ப இத எப்பிடி..."

"என் நாத்தனாவ அந்தத் தோட்டத்துலதான் குடுத்திருக்கு. ரேஸ் அன்னைக்குப் பீலிக்கிட்ட நின்னாளாம். ஒன்னுமே தெரியல, சத்தம் மட்டுந்தான்னு சொன்னா. எல்லாக் காரும் அங்க வந்து நிக்குதாம். ஒன்னே ஒன்னு மட்டும் சத்தம் அறாம போயிருச்சாம். பேரு கேட்டு வச்சிருந்தா. இசானோ."

"வேலாயி அக்காவா?"

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குப் பிளேன்டீ குடுத்தாங்க" என்றேன்.

அவர் போன பிறகு நான் தாள்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தொரு பேரும் வாசலில் வைத்து என்னிடம் ஒன்று கேட்டார்கள். நாற்பத்தொரு தடவை நான் பதில் சொன்னேன். ஒரு தடவைகூட எழுதவில்லை. லயத்தில் வளர்ந்தவளுக்கு அது கேள்வியாகவே படவில்லை, சுகமா என்று கேட்பது போல. வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி முதல் நாளே அதை எழுதியிருப்பாள்.

ஆனால் உடனே அடுத்த சந்தேகம். ஏத்தம் ஏறுமா என்று பந்தயத்துக்கு முன்பும் எல்லாரும் கேட்டார்கள். எந்தக் காருக்கும் கேட்பார்கள், நாளைக்கும் கேட்பார்கள். அப்படியென்றால் பந்தயத்தால் என்ன மாறியது? நாகலெட்சுமி அக்கா ஒருவர் சொன்னதை வைத்து முதலாளியிடம் போனால், ஒருத்தி சொன்னா ஊரே சொன்னதாகிவிடுமா என்று கேட்பார். நியாயம்தான்.

பகல் சாப்பாட்டு நேரம் முழுவதும் யோசித்தேன். பனி உள்ளேயே வந்து மேசை மேல் உட்கார்ந்திருந்தது. அக்கா சொன்ன ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. எதுக்கு? அதான் ஏறுமே.

சாவிப் பெட்டிக்குள் ஒரு கொப்பி இருக்கும். யாராவது காரை ஓட்டிப் பார்க்கக் கேட்டால் நாளும் பெயரும் அதில் எழுதித்தான் சாவி கொடுக்க வேண்டும். எடுத்தேன். பந்தயத்துக்கு முந்திய இருபது நாளில் இசானோ பார்க்க வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர் என்று என் டயரி சொன்னது. அவர்களில் முப்பத்தொரு பேர் கோயில் ரோட்டில் ஏற்றிப் பார்த்திருந்தார்கள். சிலர் இரண்டு தடவை, வீட்டு ஆட்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டும். பந்தயத்துக்குப் பிறகு வந்த நாற்பத்தொரு பேரில் ஏற்றிப் பார்த்தவர்கள் ஒன்பது.

மற்றவர்கள் வாசலில் ஒரு வார்த்தை கேட்டார்கள், நான் ஏறும் என்றதும் நம்பிவிட்டார்கள். முன்பும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். அப்போது நம்பவில்லை.

மழைக்குப் பயந்து ஓட்டாமல் விட்டிருப்பார்களோ? டயரியில் காலநிலை இருந்தது. முந்திய இருபது நாளில் மழை ஒன்பது நாள். பிந்திய பதின்மூன்றில் ஆறு. ஏறக்குறைய ஒரே அளவு. புது வருட லீவில் சும்மா பார்க்க வந்தவர்களோ? அவர்களைத் தனியாக்கிப் பார்த்தேன், கணக்குப் பெரிதாக மாறவில்லை. சேர் காலநிலை எழுதச் சொன்னபோது மனதுக்குள் சிரித்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பிறகு ஃபோனை எடுத்து ஓட்டிப் பார்க்காத முப்பத்திரண்டு பேரையும் கூப்பிட்டேன். இருபத்தாறு பேர் எடுத்தார்கள். ஏன் ஓட்டிப் பார்க்கவில்லை என்று மட்டும் கேட்டேன், பந்தயம் என்ற சொல்லை நானாக எடுக்கக் கூடாது என்று தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு. பதினேழு பேர் பீலியைச் சொன்னார்கள். அவர்களில் பதினாறு பேர் பந்தயத்துக்குப் போகவேயில்லை. பஸ்ஸில் கேட்டது, கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்டது, மச்சான் சொன்னது. வட்டகொடைக்காரர் அந்தக் கார் கறுப்பு நிறம் என்றார். ஒரு பெரியவர் சத்தமே இல்லாமல் போனது என்றார். போன ஒருவர் சிங்கள மாஸ்டர் மட்டும். அவரும் கீழே தேத்தண்ணீர்க் கடையில் இருந்தாராம்.

"அப்ப ஏங்க தாள்ல ரேஸுன்னு கோடு போடல?" என்று வட்டகொடைக்காரரைக் கேட்டேன்.

"ரேஸுக்கும் எனக்கும் என்னாம்மா சம்பந்தம்? நா கேட்டது ஏத்தம்."

திங்கட்கிழமை எட்டரைக்கு முதலாளியிடம் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் மேசையில் ஒரு பையில் நான்கு எலுமிச்சம்பழம் இருந்தது. எங்கள் சேலில் எந்த வண்டி வெளியே போனாலும் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் அனுப்புவோம். நீலக் காருக்கு என்று வாங்கி வந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் எழுதியதெல்லாம் பிழை என்று தோன்றியது.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். முதல் பக்கத்தை முடித்து மறுபடி அதையே படித்தார். கொட்டிலில் துஷாந்த் அண்ணா நீலக் காரைக் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கடைசித் தடவையாகக் கழுவுகிறார் என்று நினைத்துக் கழுவுகிறார். சத்தம் நீண்டுகொண்டே இருந்தது.

"அப்ப கப் எடுத்தா விக்கும்னு இல்ல" என்றார் முதலாளி.

"இந்த மலையில தெரியல மொதலாளி. வேற எடத்துல இருக்கலாம். கம்பனி போஸ்டர்ல போட்டது வேகம். இங்க ஆளுங்க எடுத்துக்கிட்டது வேற. நாப்பத்தொரு பேரு கொஞ்சம்தான், நா சொல்றது பெழையாவும் இருக்கலாம்."

"பெழையா இருக்கலாம்னு எழுதியும் வச்சிருக்கியே, கடைசி வரியில. எவளாச்சும் அப்பிடி எழுதுவாளா?" அவர் தாளை மடித்தார். ஃபோனை எடுத்துக் கொழும்புக்காரரோடு சிங்களத்தில் பேசினார். மன்னிக்கணும், கார் கொடுக்கிற யோசனை இல்லை, இல்லை இல்லை, விலைக்காக இல்லை, அதுக்கு இங்கே வேலை இருக்கு. வைத்துவிட்டுச் சுவருக்குப் போய், மடிந்து தொங்கிய போஸ்டரைக் கையோடு கழற்றிச் சுருட்டினார்.

வெளியே போய் அவரே சொன்னார். துஷாந்த் அண்ணா குழாயை மூடவில்லை. தண்ணீர் அவர் காலில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னா மொதலாளி, நாலாவது வந்ததுக்கா வச்சிக்கிறீங்க?"

"நாலாவது வந்ததுக்கு இல்லடா. நிக்காம போனதுக்கு."

"அந்த ஓட்டம் செல்லலயே."

"யாருக்குச் செல்லல?"

துஷாந்த் அண்ணா என்னைப் பார்த்தார். சந்தோஷம்தான். ஆனால் அதற்குள் ஒரு கோபமும் இருந்தது. ஆறு வருடம் கப்புக்காகக் கட்டிய காரை, கப்புக்காக இல்லாமல் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன். "அடுத்த வருசம் நா மொதலாவது வருவேன் மெடம்" என்றார். "காஞ்ச ரோட்டுல. அதையும் எழுதுங்க."

எழுதுவேன் என்றேன்.

பத்து மணிக்கு நாகலெட்சுமி அக்கா வந்தார். வேலாயி அக்காவும் கூட. மேசையிலிருந்த எலுமிச்சம்பழங்களை முதலாளி என்னிடம் கொடுத்தார். வெள்ளி நிறக் காரின் நான்கு சக்கரத்துக்கும் நான்தான் வைத்தேன். சூடம் காட்டியதும் வேலாயி அக்கா பக்கத்தில் ஏற, நாகலெட்சுமி அக்கா கதவை மூடி மெல்ல முன்னுக்கு எடுத்தார். நான்கு பழமும் ஒவ்வொன்றாக நசுங்கிய மணம் ஈரக் காற்றில் எழுந்தது. கார் கேட்டைத் தாண்டியது, பின் விளக்கு இரண்டும் கொஞ்ச தூரம் சிவப்பாகத் தெரிந்தன, பிறகு பனி.

யாரும் உள்ளே போகவில்லை. முதலாளி, துஷாந்த் அண்ணா, நான், மூவரும் கேட்டில் நின்றோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் பஜார்ப் பக்கம் போய், திரும்பி, மேட்டு ரோட்டில் ஏறத் தொடங்கியது. துஷாந்த் அண்ணா மெதுவாக, "ரெண்டாவது போடுங்க" என்றார், அக்காவுக்குக் கேட்கும் என்பது போல. சத்தம் கொஞ்சம் கனத்தது. போனது. இன்னும் போனது. எந்த இடத்தில் அது முடிந்து பனியின் சத்தம் தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மணி பார்த்தேன், பத்து நாற்பது. டயரியில் அதை மட்டும் குறித்தேன்.